சூளை இல்லாமல் ஒரு பூ ஜாடி: டாஸ் களிமண்

இத்தாலியின் ஃபிலா நிறுவனம் தயாரிக்கும் டாஸ் களிமண்ணில், வெள்ளை நிற ஒரு கிலோ பாக்கெட் வாங்கினேன். சூளை வேண்டாம், காற்றிலேயே காய்ந்துவிடும். பிரித்ததும் கை வைக்கலாம், அவ்வளவு மென்மை. செம்மண் நிறத்திலும் கிடைக்கிறது.

ஜாடிக்குத் திரி திரியாக உருட்டி, முறுக்குச் சுற்றுவது போல அடுக்குவதுதான் எனக்குப் பிடித்த முறை. ஒவ்வொரு அடுக்கிலும் முள்கரண்டியால் கீறி, தண்ணீரில் குழைத்த களிமண்ணைத் தடவி ஒட்ட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. காயும்போது பிரிவது அந்த இணைப்புகளில்தான். கண்ணாடி பாட்டிலின் மேல் பூசுகிறவர்கள் முதலில் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். களிமண் சுருங்கும், பாட்டில் சுருங்காது, விரிசல் விழும். அப்புறம், மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள். மெல்லிய பிளாஸ்டிக்கைத் தளர்வாகப் போர்த்தி, நிதானமாகக் காயவிடுங்கள்.

காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்தால் அருமையான வழவழப்பு. அக்ரிலிக் வண்ணமும் நன்றாகப் பிடிக்கிறது.

ஒரே குறை, தண்ணீர் ஆகாது. வார்னிஷ் அடித்தாலும் நம்பி ஊற்ற வேண்டாம். உள்ளே சின்னக் கண்ணாடிக் குப்பியை வைத்துவிட்டால் மல்லிகைக் கொத்தும் தாராளமாக நிற்கும். தாராளமாக வாங்கலாம். மிச்சத்தை ஈரத்துணியில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.