லோக்கல்சென்ட்: ஒரே வைஃபையில் கோப்பு அனுப்ப நல்ல செயலி

போனில் எடுத்த கல்யாணப் படங்களைக் கணினிக்கு மாற்ற நிறையப் பேர் இன்னும் வாட்ஸ்அப்பில் தங்களுக்கே அனுப்பிக்கொள்கிறார்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். 4 எம்பி படம் சில நூறு கேபியாக வந்து சேரும். ஆல்பம் போடக் கொடுத்தால் முகம் மங்கலாகத்தான் விழும். 'டாகுமென்ட்' என்று அனுப்பினால் அசல் அப்படியே வரும். ஆனால் பக்கத்து மேசைக்குப் போக வேண்டியது இணையத்தைச் சுற்றி வருவதால் டேட்டா வீண். கோப்பு அனுப்பும் செயலிகளான ஷேர்இட், ஸெண்டர் இரண்டும் 2020 ஜூனில் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் சேர்ந்தவை. எங்கிருந்தோ ஏபிகே (செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) இறக்கி அவற்றை ஓட்டுவது ஆபத்து.

இந்த வேலைக்கு லோக்கல்சென்ட்டைத் தாராளமாகச் சொல்லலாம். இலவசம், திறந்த மூலம் (நிரலை யாரும் பார்க்கலாம்), விளம்பரம் இல்லை, கணக்குத் தொடங்கவும் வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். ஆப்பிளின் கோப்புப் பகிர்வு வசதியான ஏர்டிராப் விண்டோஸில் ஓடாது; வீட்டில் ஐபோனும் விண்டோஸ் மடிக்கணினியும் இருந்தால் லோக்கல்சென்ட்தான் கைகொடுக்கும்.

இரண்டு கருவிகளிலும் நிறுவி, ஒரே வைஃபையில் இணைத்துத் திறக்க வேண்டும். அனுப்பும் பக்கம் 'செண்ட்' போய்ப் படங்களையோ முழு ஃபோல்டரையோ தேர்ந்தெடுத்தால், அடுத்த கருவியின் பெயர் கீழே தெரியும். அதைத் தொட்டு, அந்தப் பக்கம் 'அக்செப்ட்' கொடுத்தால் முடிந்தது. கணினியில் இருக்கும் நீளமான இணைய முகவரியைப் போனுக்குத் தள்ள 'டெக்ஸ்ட்' வசதி இருக்கிறது.

அடிக்கடி வரும் புகார், அடுத்த கருவி தெரியவில்லை என்பதே. பெரும்பாலும் செயலியின் தவறல்ல. விண்டோஸில் முதல்முறை திறக்கும்போது ஃபயர்வால் (வெளி இணைப்புகளைத் தடுக்கும் காவல்) அனுமதி கேட்கும். அவசரத்தில் 'கேன்சல்' அழுத்தியிருந்தால் அன்றிலிருந்து தடைதான். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பகுதிக்குப் போய், 'அலோ ஆன் ஆப்' பட்டியலில் லோக்கல்சென்டுக்கு 'பிரைவேட்' கட்டத்தில் டிக் செய்யுங்கள். வைஃபையின் பிராபர்ட்டீஸில் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் அதையும் 'பிரைவேட்' ஆக்குங்கள். விபிஎன் ஓடினால் நிறுத்திப் பாருங்கள். ஐபோனில் 'லோக்கல் நெட்வொர்க்' அனுமதி செட்டிங்ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் தெரியவில்லையா? ரவுட்டரில் 'ஏபி ஐசோலேஷன்' போட்டிருப்பார்கள். விடுதி, அலுவலக, கெஸ்ட் வைஃபைகளில் இது சகஜம்: இணையம் கிடைக்கும், கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு மடிக்கணினியை அதில் இணைத்துவிட்டால் தடை நீங்கும். கோப்பு நேராகப் போவதால் அதற்கு டேட்டா செலவாகாது. ஆனால் விண்டோஸ் அப்டேட் அந்த நேரம் பார்த்து இறங்கத் தொடங்கலாம். அந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவைப்பது நல்லது.

வேகம் முழுக்க வைஃபையைப் பொறுத்தது. விநாடிக்கு 5 எம்பி போனால் 1 ஜிபிக்கு 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். 25 எம்பி போனால் 40 விநாடி போதும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இருந்தால் இரண்டு கருவியையும் அதில் இணையுங்கள். சேமிக்கும் இடம் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் உள்ள பென்டிரைவாக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை வீடியோ ஏறாது.

குறைகளும் உண்டு. ஐபோனில் செயலி திரையில் திறந்தே இருக்க வேண்டும். பின்னணிக்குப் போனால் பரிமாற்றம் அறுந்துவிடும். இருபது முப்பது ஜிபி வீடியோ என்றால் யுஎஸ்பி கேபிள்தான் நம்பகம்.

'குயிக் சேவ்' என்ற வசதி, கேட்காமலே கோப்பை வாங்கிக்கொள்ளும். தொடக்கத்தில் அணைந்துதான் இருக்கும். பொது வைஃபையில் அதை இயக்கவே கூடாது. வீட்டுக் கருவிகளை மட்டும் 'ஃபேவரிட்ஸ்' பட்டியலில் சேர்த்து, அவற்றுக்கு மட்டும் அனுமதிக்கலாம். கோப்பை வழியில் யாரும் படிக்காதபடி பூட்டும் என்கிரிப்ஷனை அணைக்காதீர்கள்.

செயலி நிறுவ முடியாத கணினிக்கு 'ஷேர் வயா லிங்க்' உண்டு. போன் காட்டும் முகவரியை அந்தக் கணினியின் பிரவுசரில் அடித்தால் கோப்பு இறங்கும். இதற்கும் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் வாட்ஸ்அப் வெப் திறந்து, லாக்அவுட் செய்ய மறந்து வருவதைவிட இது எவ்வளவோ பாதுகாப்பு.