டூயல் ஃப்ரீக்வென்சி, ககன், நாவிக்: நம் வானத்துக்கு எது தாங்கும்?

"இரண்டு அலைவரிசை வாங்குகிற கருவி சார், அயனிமண்டலத் தொல்லையே இருக்காது" என்று ஜிபிஎஸ் கருவி விற்பவர்கள் சொல்வதுண்டு. (அயனிமண்டலம் என்பது வளிமண்டலத்தின் மேலே இருக்கும் மின்னூட்டம் பெற்ற அடுக்கு. செயற்கைக்கோள் சிக்னல் அதைத் தாண்டித்தான் நம்மிடம் வரும்.) ஜெர்மனியில் அது ஏறக்குறைய உண்மை. நம் ஊரில் பாதி உண்மை. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது (1963இல் முதல் ராக்கெட்டை விடத் தும்பாவைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்). அதனால் நம் தலைக்கு மேலே இருக்கும் அயனிமண்டலத்துக்கு ஒன்றல்ல, இரண்டு குணக்கேடுகள். எந்தக் கருவி எதைச் சரிசெய்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

முதலாவது, தாமதம். வழியில் இருக்கும் எலக்ட்ரான்கள் சிக்னலைச் சற்றுத் தாமதிக்க வைக்கும். கருவியோ அந்தத் தாமதத்தையும் தூரமாகக் கணக்குப் போட்டுவிடும். வழியில் இருக்கும் மொத்த எலக்ட்ரான்களை 'டெக் யூனிட்' என்ற அலகில் அளப்பார்கள். ஜிபிஎஸ்ஸின் எல்1 அலைவரிசையில் (1575.42 மெகாஹெர்ட்ஸ்) ஓர் அலகுக்கு 16 சென்டிமீட்டர் பிழை. சூரியன் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளில் பிற்பகலில் இது 100 அலகைத் தொடும், அதாவது 16 மீட்டர். இதுகூட உச்சிக்கு நேரே நிற்கும் செயற்கைக்கோளுக்கான கணக்கு. தாழ்வாக இருப்பதற்கு மூன்று மடங்குவரை போகும். வேடிக்கை என்னவென்றால், இதில் அதிகம் அடிபடுவது கன்னியாகுமரி அல்ல. பகலில் காந்த நடுக்கோட்டின் மேல் எழும்பும் பிளாஸ்மா (மின்னூட்டம் பெற்ற வாயு), நீரூற்று போல இருபுறமும் சரிந்து, அகமதாபாத், போபால், கொல்கத்தா பக்கம் போய்க் குவிகிறது.

இரண்டாவது, மினுக்கல். சூரியன் மறைந்ததும் அயனிமண்டலத்தின் அடிப்பகுதி சட்டென்று மெலிந்துவிடும். அடர்ந்த பகுதி மேலே நிற்கும். எண்ணெயின் மேல் தண்ணீர் நிற்பது மாதிரி, நிலைக்காது. கீழிருந்து வெற்றுக் குமிழிகள் கிளம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரம்வரை போகும். அவற்றின் ஊடாக வரும் சிக்னல், நட்சத்திரம் மினுக்குவதுபோல ஏறி இறங்கும். சில சமயம் கருவியின் பிடியை விட்டே நழுவிவிடும். இரவு ஏழு, எட்டு மணி முதல் நள்ளிரவுவரை, குறிப்பாக மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும், இதன் ஆட்டம்.

சரி, இப்போது போட்டியாளர்கள். ஒற்றை அலைவரிசைக் கருவி, தாமதத்தைத் தோராயமாக மதிப்பிட ஜிபிஎஸ் அனுப்பும் குளோபுச்சார் சூத்திரத்தை நம்பி ஓடுகிறது. அது தாமதத்தில் சுமார் பாதியைக் கழிக்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன நீரூற்றெல்லாம் அந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. தெருவைக் கண்டுபிடிக்கப் போதும்.

இரட்டை அலைவரிசை (எல்1, எல்5) தாமதத்தைக் கிட்டத்தட்ட முழுதாக ஒழித்துவிடும். தாமதம் அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுவதால், இரண்டையும் ஒப்பிட்டாலே எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆனால் மினுக்கலுக்கு இது மருந்தல்ல. எல்5 (1176.45 மெகாஹெர்ட்ஸ்) குறைந்த அதிர்வெண் என்பதால் எல்1-ஐவிட ஒன்றரை மடங்கு அதிகமாக மினுக்கும். இரண்டில் ஒன்று அறுந்தாலும் கணக்கு போச்சு. பெட்டியில் அச்சிடாத விஷயம் இதுதான்.

ககன், அதாவது ஜிபிஎஸ் பிழைக்குத் திருத்தம் அனுப்பும் இந்திய அமைப்பு, வேறு வழியில் போகிறது. 15 தரை நிலையங்கள் அளந்து, ஐந்து பாகைக்கு ஒரு புள்ளி என்று கட்டம் போட்டுத் திருத்தத்தை அனுப்புகின்றன. விமானங்கள் ஓடுபாதையை நெருங்கும் சேவைக்கு 2015 ஏப்ரலில் சான்று கிடைத்தது. காந்த நடுக்கோட்டுப் பகுதியில் அதைச் சாதித்தது சாதாரணமல்ல. கட்டத்தின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு குமிழி புகுந்தால் ககனால் அதைத் துல்லியமாகத் திருத்த முடியாது. ஆனால் 'பிழை இவ்வளவுவரை இருக்கலாம்' என்று வரம்பை உயர்த்தி எச்சரிக்கும். விமானிக்கு அந்த நேர்மைதான் வேண்டும். சர்வேயருக்கு அதனால் பெரிய பயனில்லை.

காகிதத்தில் ஜெயிப்பது நாவிக், இந்தியாவின் சொந்த வழிகாட்டி செயற்கைக்கோள் அமைப்பு. அதன் எஸ் அலைவரிசை 2492 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலகுக்கு 6.5 சென்டிமீட்டர் தாமதம், மினுக்கல் எல்1-இல் பாதி. நம் வானத்துக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. ஆனால் நாவிக் உள்ள கைபேசி சிப்களில் பொதுவாக வருவது எல்5 தான், எஸ் வருவதில்லை. 2023இல் தொடங்கிய என்விஎஸ் என்ற புதிய நாவிக் செயற்கைக்கோள் வரிசை எல்1-ஐச் சேர்த்ததும் கைபேசிகளை மனதில் வைத்துத்தான். அப்புறம், மொத்தமே ஏழு செயற்கைக்கோள்களுக்கான அமைப்பு. முதல் கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதானதும், அதற்கு மாற்றாக 2017இல் அனுப்பியது வெப்பக் கவசத்துக்குள்ளேயே சிக்கிக்கொண்டதும் தெரிந்த கதை.

என் ஓட்டு செயற்கைக்கோள்களின் எண்ணிக்கைக்கு. குமிழிகள் வானத்தை முழுக்க மூடுவதில்லை, வடக்கு தெற்காகப் பட்டை பட்டையாகக் கிடக்கும். ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ, நாவிக் என்று பல நாடுகளின் செயற்கைக்கோள் அமைப்புகள் எல்லாவற்றையும் வாங்கும் கருவி, நாலைந்து கோள்கள் நழுவினாலும் மிச்சத்தை வைத்துச் சமாளிக்கும். இரவில் கடலுக்குப் போகும் படகுக்கு அது தாராளம். அங்கே பத்து மீட்டர் பிழை பெரிதல்ல, சிக்னல் அறுந்துபோவதுதான் பெரிது. சென்டிமீட்டர் கணக்கில் நிலம் அளப்பவர்களுக்கு மட்டும் இதுவும் போதாது. மார்ச் மாத இரவு எட்டு மணிக்குக் கருவி 'ஃபிக்ஸ்' (சென்டிமீட்டர் துல்லியம்) ஆகாமல் 'ஃப்ளோட்'டிலேயே (தோராய நிலை) நின்றால், ஆன்டெனாவை மாற்றிப் பார்க்க வேண்டாம். காலையில் வந்து அளந்துகொள்ளலாம்.