"பழைய மில்லை இடிக்க மாட்டோம்" என்று சொல்லி வீடு விற்கிறார்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவையில் மூடிக்கிடக்கும் மில் நிலத்தில் அடுக்குமாடி வருகிறது, அதிலும் பழைய கட்டடத்தை அப்படியே உள்ளே வைத்து அருங்காட்சியகம் ஆக்கப்போகிறோம் என்று விளம்பரம் செய்கிறார்கள் என்றால், அந்த வாக்குறுதி நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்தத்தில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முதலில் கேளுங்கள். பக்கத்தைக் காட்ட முடியவில்லை என்றால் அப்படி ஒரு வாக்குறுதி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கட்டுமான நிறுவனத்தின் பெயரையும் மில்லின் பெயரையும் போடவில்லை.

எங்கள் அப்பா அந்த மில்லில் ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்பு இயந்திரத்தைக் கவனித்து அறுந்த இழையை ஒட்டுபவராக, வேலை பார்த்தவர். 1888-ல் ஸ்டேன்ஸ் மில்லோடு தொடங்கிய கோவைப் பஞ்சாலைகள், 1932-ல் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் வந்த பிறகுதான் அவிநாசி ரோடு, திருச்சி ரோடு என்று வரிசையாக முளைத்தன. எங்கள் மில்லும் அந்தக் காலத்தில் வந்ததுதான். ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும் கூரை, ஒவ்வொரு பல்லிலும் வடக்கைப் பார்த்த கண்ணாடி. வடக்கு வெளிச்சம் என்றால் வெயில் நேராக உள்ளே விழாது, நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம் இருக்கும், ஓடும் கதிரில் இழை அறுந்தால் சைடர் கண்ணுக்கு உடனே தெரியும். அந்தக் கூரையைத் தாங்கி நின்றவை வார்ப்பிரும்புத் தூண்களும் பர்மா தேக்கு உத்திரங்களும். இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், எங்களிடம் விற்கப்பட்டது இதுதான். வெறும் மூன்று படுக்கையறை வீடு வேண்டும் என்றால் அதே ரோட்டில் அதைவிடக் குறைந்த விலையில் எத்தனையோ இருந்தன.

விற்பனை அலுவலகத்தில் நூல் நூற்கும் பழைய ரிங் பிரேம் இயந்திரம் ஒன்றைத் துடைத்து, எண்ணெய் போட்டு, விளக்கு வெளிச்சத்தில் நிறுத்தியிருந்தார்கள். கையேட்டில் அந்த ரம்பப் பல் கூரை போட்ட ஷெட்டின் படம், புகைபோக்கியின் படம், சங்கு ஊதும் கூண்டின் படம், மூன்றையும் சுற்றிப் புல்வெளி, அதில் குழந்தைகள் விளையாடுவது போல ஓவியம். ஷெட்டைப் பார்த்த வீடுகளுக்குச் சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதல். "மேடம், இந்தப் புகைபோக்கியில ஒரு செங்கல்லத் தொட்டாலும் எங்க புராஜெக்ட்டுக்கே பேர் போயிரும், அப்பா வேலை பார்த்த இடத்தைத் தினமும் ஜன்னல்ல பார்க்கலாம்" என்றார் விற்பனை மேலாளர். அப்பாவும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

அனுமதி பெற்ற வரைபடத்தைக் கேட்டேன். எங்கள் பிளாக்கின் பக்கத்தை மட்டும் கொடுத்தார்கள். முழு மனைக்கான வரைபடம் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் ஏற்றியிருந்த நகல் மங்கிப்போய், ஷெட் இருக்கும் இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றே படிக்க முடியவில்லை. தெளிவான நகல் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு, "பாரம்பரியக் கட்டடம் முழுமையாகப் பாதுகாக்கப்படும்" என்று பதில் வந்தது. வரைபடம் வரவில்லை. அந்த மின்னஞ்சலை நான் அழிக்காமல் வைத்திருப்பதுதான் இன்றைக்கு எங்கள் புகாரில் முதல் ஆவணம்.

இதைவிட எனக்கு ஆறாத விஷயம் ஒன்று இருக்கிறது. அருங்காட்சியகத்தில் வைக்கப்போகிறோம் என்று சொல்லி, மில்லில் வேலை பார்த்த பெரியவர்கள் வீடு வீடாகப் போய்ப் பொருட்களை வாங்கிப்போனார்கள். ஒருவர் தன் கேட் பாஸைக் கொடுத்தார். ஒருவர் 25 வருட சேவைக்குக் கொடுத்த கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் இருந்த ஒரு அம்மா, மே தின ஊர்வலத்தில் எடுத்த ஒரே போட்டோவைச் சட்டத்தோடு கழற்றிக் கொடுத்துவிட்டார். அப்பா கொடுத்தது டோக்கன். பித்தளை, ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, மேலே ஆணியில் மாட்ட ஓட்டை, நடுவில் எண் அடித்திருக்கும். ஷிப்டுக்குள் போகும்போது பலகையிலிருந்து எடுத்து, வெளியே வரும்போது மாட்ட வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் விரல் பட்டு அந்த எண்ணே தேய்ந்திருந்தது. ரசீது கேட்டதற்கு ஒரு நோட்டில் பெயரை எழுதிக்கொண்டு, விசிட்டிங் கார்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அடுத்த மாதம் வந்த விளம்பரத்தில் அந்த அம்மாவின் போட்டோ இருந்தது, "எங்கள் பாரம்பரியம்" என்ற தலைப்போடு. அவருக்கு இன்றுவரை பணிக்கொடை பாக்கி முழுசாக வந்து சேரவில்லை.

பொங்கல் விடுமுறையில் இடித்தார்கள். வீடு வாங்கிய பாதிப் பேர் ஊரில் இல்லை. தொழிலாளர் குடியிருப்பான மில் லைனில் இன்னும் குடியிருக்கும் அப்பாவின் பழைய கூட்டாளி ஒருவர்தான் போன் செய்தார். "கண்ணு, ஷெட்ட இறக்கறாங்க. வீடு வாங்கினவங்க எல்லாரும் சம்மதம் எழுதிக் குடுத்துட்டாங்கன்னு சொல்றாங்க, நெசமா?" நாங்கள் ஓடிப்போய்க் கேட்டபோது எங்களிடம் சொன்னது வேறு: தொழிலாளர் தரப்பே கட்டடம் ஆபத்தாக இருக்கிறது, இடித்துவிடுங்கள் என்று கேட்டதாம். அந்தப் பக்கம் போய் எங்கள் பெயரைச் சொல்லி, இந்தப் பக்கம் வந்து அவர்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு தரப்பும் ஒரே டீக்கடையில் நின்று பேசிய அன்றுதான் இது வெளியே வந்தது. பொறியாளர் அறிக்கை இருக்கிறது என்றார்கள், காட்டுங்கள் என்றோம், இதுவரை யாரும் பார்க்கவில்லை. தேக்கு உத்திரங்கள் மட்டும் ஒன்றுகூடச் சேதமில்லாமல் எண் போட்டு லாரியில் ஏறின. விழப்போகிற கூரையின் உத்திரத்தை யாராவது அவ்வளவு பத்திரமாக இறக்குவார்களா?

அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் திட்டக் குழும அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டு முழு வரைபடத்தை வாங்கினோம். ஷெட் இருந்த இடத்தில் பல அடுக்கு கார் நிறுத்தம். புகைபோக்கி இருந்த இடத்தில் மின்மாற்றி. அனுமதி வாங்கிய தேதி, கையேடு அச்சடித்ததற்கு முந்தையது. அதாவது காப்பாற்றலாம் என்று நினைத்து முடியாமல் போனதல்ல. எங்களிடம் சதுர அடிக்கு 300 ரூபாய் கூடுதலாக வாங்கியபோதே அது இடிக்கப்படும் என்று அவர்களுக்குத் தெரியும். கையேட்டின் கடைசிப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் "படங்கள் கற்பனைச் சித்திரிப்பு" என்று இருப்பதைக் காட்டி, அதுதான் பதில் என்கிறார்கள்.

அது பதில் இல்லை. 2016-ம் வருடத்து ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு, விளம்பரத்தையோ கையேட்டையோ மாதிரி வீட்டையோ நம்பிப் பணம் கட்டியவருக்கு, அதில் சொன்னது பொய்யானால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது. விலக நினைத்தால் கட்டிய பணம் முழுவதையும் வட்டியோடு திருப்பிக் கேட்கலாம். 14-வது பிரிவு, அனுமதி பெற்ற வரைபடத்தையும் பொது இடங்களையும் மாற்ற வேண்டுமானால் வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: வரைபடத்திலேயே ஷெட் இல்லாதபோது 14 நமக்குப் பெரிதாக உதவாது, 12-தான் ஆயுதம். அதனால்தான் கையேடு, வாட்ஸப் செய்தி, மின்னஞ்சல், விற்பனை அலுவலகத்தில் எடுத்த போட்டோ எதையும் தூக்கிப் போடாதீர்கள் என்கிறேன். தமிழ்நாட்டில் பணத்தைத் திரும்பக் கேட்க ரெரா ஆணையத்திடம் 'எம்' (M) படிவம், இழப்பீடு கேட்கத் தீர்ப்பு அலுவலரிடம் 'என்' (N) படிவம். இரண்டையும் ஒரே மனுவில் குழப்பினால் மாதங்கள் வீணாகும்.

இன்னொரு பெரிய ஓட்டை. "ஹெரிட்டேஜ்" என்று அவர்கள் சொன்னதும் அரசு பாதுகாக்கும் கட்டடம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். 1958-ம் வருட மத்தியச் சட்டத்தில் தொன்மைச் சின்னம் என்றால் குறைந்தது 100 வருடம் பழையதாக இருக்க வேண்டும், அப்புறம் அரசு அறிவிக்கவும் வேண்டும். பைக்காரா மின்சாரத்தோடு வந்த மில்கள் எதுவும் இன்னும் அந்த வயதைத் தொடவில்லை. தமிழ்நாட்டில் 2012-லேயே பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது, ஆனால் வருஷக்கணக்கில் ஆணையமே அமைக்காமல் கிடந்தது. ஆக எங்கள் ஷெட்டை இடித்ததற்கு எந்த அலுவலகத்திலும் கேள்வி எழவில்லை. இது எனக்குக் கோபம் வரும் இடம். இந்த ஊர் வளர்ந்ததே இந்த ஷெட்டுகளுக்குள் நின்றவர்களால். சின்னியம்பாளையம் மில் தொழிலாளர்கள் நான்கு பேர் 1946-ல் தூக்கு மேடை ஏறினார்கள். அப்படிப்பட்ட வரலாறு உள்ள ஊரில் ஒரு ஷெட்டையாவது நிறுத்தி வைக்க ஒரு பட்டியல் வேண்டாமா?

மும்பையில் என்ன ஆனது என்றும் பாருங்கள். 1991-ல் வந்த விதிப்படி மில் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, மிச்சம்தான் முதலாளிக்கு. 2001-ல் ஒரு திருத்தம் போட்டு, கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் இந்தப் பங்கு என்று சுருக்கிவிட்டார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1982 வேலைநிறுத்தத்தில் வேலை போனவர்கள் வீட்டுக்குக் குலுக்கல் சீட்டோடு காத்திருந்தார்கள். இங்கே 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற என்.டி.சி. (மத்திய அரசின் தேசியப் பஞ்சாலைக் கழகம்) மில்கள் பெரும்பாலும் மூடியே கிடக்கின்றன. அந்த நிலமெல்லாம் நாளைக்கு என்ன ஆகும் என்று யோசித்துத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மில் நிலத்தில் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீர்கள். நகரத்தில் ஒருவர் குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற 1978-ம் வருட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்த நிலத்துக்கு விலக்கு கொடுத்த ஆணை இருக்கிறதா என்று வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் 1999-ல் ரத்தானாலும், அதற்கு முன்பே அரசு கையகப்படுத்திய நிலம் அரசு நிலம்தான். தொழிலாளர் பாக்கிக்காக வழக்கு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். "மில் பாரம்பரியப் பூங்கா" என்று காட்டும் இடம் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலமா என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனையில் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும், அது ஊர்ப் பொது இடம், அதற்கும் உங்களிடம் காசு வாங்குவார்கள். மொத்த விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்டால் அதற்கு முன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அந்த ஒப்பந்தத்தின் அட்டவணையில், எந்தக் கட்டடம், எத்தனை சதுர அடி, யார் பராமரிப்பது என்று எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர்கள் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அருங்காட்சியகம் என்று யார் வந்து கேட்டாலும் மூலப் பொருளைக் கொடுக்காதீர்கள், போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால் கம்பெனி முத்திரையோடு, பொருளின் விவரமும் திருப்பித் தரும் தேதியும் எழுதிய கடிதம் வாங்குங்கள். எங்கள் மில்லில் பொருள் கொடுத்தவர்களின் பெயர்களைத் திரட்டி, வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். நீங்களும் கொடுத்திருந்தால், உங்களிடம் வந்தவர் தந்த விசிட்டிங் கார்டைத் தேடி எடுத்து வையுங்கள், அதன் பின்பக்கத்தில் அவர் தன் கையால் எழுதிய தேதி இருக்கும்.