குழந்தைகளுடனான ஆய்வுக்கு எந்த வண்ணப் பெட்டி?

குழந்தையிடம் நேரடியாகக் கேள்வி கேட்பதற்கு முன் ஒரு படம் வரையச் சொல்லி, பிறகு அந்தப் படத்தை நடுவில் வைத்துக்கொண்டு பேசும் ஆய்வு முறை கல்வி, சுகாதாரம், சமூகப்பணி ஆகிய துறைகளில் வேரூன்றிவிட்டது. முறையைப் பற்றிப் பலர் எழுதுகிறார்கள். குழந்தையின் கையில் கொடுக்கும் பொருளைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஆகவே, நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் எளிதாகக் கிடைக்கும் கிரேயான், ஆயில் பேஸ்டல், ஸ்கெட்ச் பேனா, பென்சில் ஆகியவற்றைக் களப்பணியின் தேவையை வைத்து மட்டும் இங்கே மதிப்பிடுகிறேன். குழந்தை தயங்காமல் வரைகிறதா, வரைந்தபடியே பேசுகிறதா, மாதங்கள் கழித்து எடுத்துப் பார்க்கும்போது கோடுகள் தெளிவாக இருக்கின்றனவா என்பவையே என் அளவுகோல்கள். படத்தின் அழகுக்கு மதிப்பெண் இல்லை.

மெழுகுக் கிரேயானில் தடித்த வகை, அங்கன்வாடி வயதுக் குழந்தைகளுக்கு மிகவும் பொருத்தமானது. முழுக் கையால் பிடித்து அழுத்தினாலும் எளிதில் ஒடிவதில்லை. மூடி தொலையும் கவலையும் இல்லை. ஆனால் அதே கிரேயானை ஒன்பது வயதுக் குழந்தையிடம் கொடுத்தால், முகத்துக்குள் கண்ணும் மூக்கும் வரைய முனை இடம் தராததால், அது மனிதர்களை விட்டுவிட்டு வீட்டையும் வானத்தையும் நிரப்பத் தொடங்கிவிடும். படத்தில் மனிதர்களே இல்லை என்று குறிப்பெழுதும் ஆய்வாளர், அது குழந்தையின் மனமா கிரேயானின் முனையா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆயில் பேஸ்டலின் நிறங்கள் கண்ணைப் பறிக்கும். குழந்தைகள் முதலில் கை நீட்டுவதும் அதற்குத்தான். ஆய்வுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் ஒருவரின் படம் மற்றவரின் தாளின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்ளும்; பையில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்தால் கோடுகள் இழுபட்டுவிடும். இடையில் வைக்க எண்ணெய் உறிஞ்சாத தாள் வாங்கினால் செலவும் கூடும், சுமையும் கூடும்.

ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை என் முதல் தேர்வு, மெல்லிய முனையுள்ள பன்னிரண்டு நிற ஸ்கெட்ச் பேனாக்கள். கோடு அழுத்தமாக விழுகிறது. கைப்பேசியில் படமெடுத்தாலும் தெளிவாகத் தெரிகிறது. குறைகளும் உண்டு. சாதாரண ஜெராக்ஸ் தாளில் மை ஊறி மறுபக்கம் தெரிவதால் சற்றுக் கனமான தாள் வேண்டும். அழிக்க முடியாது என்பதால் முதல் கோட்டுக்கு முன் சில குழந்தைகள் வெகுநேரம் தயங்குவார்கள். அதற்காகப் பென்சிலும் ரப்பரும் கொடுத்தால், வரைந்ததை அழித்து அழித்து, பக்கத்தில் இருப்பவரின் படத்தைப் போலவே மாற்றிவிடுகிறார்கள். பென்சில் கொடுங்கள், ரப்பரைப் பையிலேயே வைத்திருங்கள் என்பதே என் ஆலோசனை. வேறு தாள் கேட்டால் மறுக்காமல் கொடுத்து, முதல் தாளையும் குழந்தையின் அனுமதியோடு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

பென்சில் மட்டுமே போதுமான ஆய்வுகளும் இருக்கின்றன. டேவிட் வேட் சேம்பர்ஸ் 1983-இல் வெளியிட்ட ‘விஞ்ஞானியை வரை’ ஆய்வில் 4,807 குழந்தைகளின் படங்கள் அலசப்பட்டன. அவற்றில் பெண் விஞ்ஞானியைக் காட்டியவை 28 மட்டுமே, அந்த இருபத்தெட்டையும் வரைந்தவர்கள் சிறுமிகள். அங்கே எண்ணப்பட்டவை ஆய்வக அங்கி, கண்ணாடி, தாடி மீசை, ஆய்வுக் கருவிகள் போன்ற அடையாளங்கள். இப்படி நுணுக்கங்களை எண்ணும் ஆய்வுக்குக் கூர்மையான முனை தேவை, நிறம் தேவையில்லை. வண்ணப் பென்சில், ஸ்கெட்ச் பேனாவுக்கும் சாதாரணப் பென்சிலுக்கும் நடுவில் நிற்கிறது: கோடு மெலிது, ஆனால் ஸ்கேன் செய்தால் மஞ்சளும் வெளிர்நீலமும் ஏறக்குறைய காணாமல் போகின்றன.

நிறத்தைப் பற்றிப் பேசும்போது, பெட்டிக்குள் இருக்கும் அந்த வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சியைச் சொல்லாமல் விட முடியாது. நம் குழந்தைகளும் அதை ‘ஸ்கின் கலர்’ என்றே கேட்டு வாங்கித் தங்கள் முகத்துக்குப் பூசுகிறார்கள். அமெரிக்காவின் கிரேயோலா நிறுவனம் இதே போன்ற நிறத்துக்கு வைத்திருந்த ‘சதை’ என்னும் பெயரை 1962-இல் ‘பீச்’ என்று மாற்றியது. 2020-இல் 24 தோல் நிறங்கள் கொண்ட தனிப் பெட்டியையே கொண்டுவந்தது. அப்படிப்பட்ட பெட்டி கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால் பழுப்பில் இரண்டு மூன்று சாயல்களைத் தனியாக வாங்கிச் சேர்த்துவிடுங்கள். பெட்டியில் இல்லாத நிறத்தைக் குழந்தை தேர்ந்தெடுக்கவில்லை என்று முடிவு கட்டுவது ஆய்வாகாது. கறுப்பு அதிகமாக இருந்தால் துயரம், சிவப்பு அதிகமாக இருந்தால் கோபம் என்று சோதிடம் பார்ப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: சிவப்புப் பேனா அப்போது அடுத்த பெஞ்சில் இருந்திருக்கலாம். பெட்டியைப் பங்கிட வைக்காமல் ஆளுக்கொன்று கொடுப்பதில்தான் பணத்தைச் செலவிட வேண்டும்.

எந்தப் பெட்டியாலும் தீராத ஒரு சிக்கல் உண்டு. ‘உனக்குப் பிடித்ததை வரை’ என்று பொதுவாகச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் தென்னை, ஓட்டு வீடு என்ற அதே காட்சி வகுப்பு முழுவதும் வந்துவிடும். ‘இன்று காலை பள்ளிக்கு வந்த வழியை வரை’ என்று குறிப்பாகக் கேட்டால் நாய் துரத்திய தெருவும், வண்டி வேகமாகப் போகும் வளைவும், தண்ணீர் லாரியும் தாளுக்கு வருகின்றன. அப்போது பேச்சும் தானாக வருகிறது. அந்தப் பேச்சோடு சேர்த்துப் படித்தால்தான் படம் தரவாகும்.

தாளுக்கு ஏ4 அளவுள்ள டிராயிங் ஷீட் போதும். சார்ட் அட்டை குழுவாக வரைவதற்கு மட்டும். பின்புறத்தில் பெயருக்குப் பதில் எண்ணை எழுதுங்கள். படத்தைக் கைப்பேசியில் பதிந்துகொண்டு, மூலப் படத்தைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். மீதமுள்ள பேனாக்களை வகுப்பிலேயே விட்டுவிட்டு வருவதாக இருந்தால், அதை வரைந்து முடித்த பிறகு சொல்லுங்கள்; முன்கூட்டியே சொன்னால், வரைய விருப்பமில்லாத குழந்தைக்கு மறுப்பது கடினமாகிவிடும்.