36 படத்தைத் தாண்டி லீவரை இழுக்காதீர்கள்: கே1000, எலக்ட்ரோ 35 நீண்ட நாள் பயன்பாட்டில்

பென்டாக்ஸ் கே1000, யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என் என்ற இரண்டு பழைய பிலிம் கேமராக்களிலும் பிலிம் போடும் முறை ஏறக்குறைய ஒன்றுதான். கிழிவதும் ஒரே கட்டத்தில்தான்: ரோல் முடியும்போது.

முதலில் போடுவது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உச்சிவெயிலில் நின்றுகொண்டு கேமராவின் முதுகைத் திறக்க வேண்டாம். பாரதி பூங்கா மரநிழல் போதும்; அதுவும் இல்லையென்றால் வெயிலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை டப்பா மூடியபடியே இரண்டு மணி நேரம் வெளியே வையுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டுத் திறந்தால் பிலிமில் நீர் பூக்கும்.

ரீவைண்ட் நாபை (பிலிமைத் திரும்பச் சுற்றும் குமிழ்) தூக்கி, பிலிம் சுருள் உள்ள கேசட்டை இடப்பக்கக் குழியில் வைத்து, நாபை அமுக்குங்கள். பிலிமின் நாக்கை, அதாவது வெளியே நீட்டியிருக்கும் முனையை, வலப்பக்க ஸ்பூலின் (பிலிம் சுற்றிக்கொள்ளும் உருளை) வெட்டில் செருகி, பிலிமை நகர்த்தும் லீவரை மெதுவாக இழுங்கள். பிலிம் ஓரத்தின் மேல், கீழ் இரு வரிசைத் துளைகளும் பல்சக்கரத்தின் பல்லில் உட்கார்ந்து, ஸ்பூலில் ஒரு சுற்றாவது ஏறிய பிறகே மூட வேண்டும். கே1000-இல் ஷட்டர் திரை துணி, விரல் படக்கூடாது. எலக்ட்ரோவில் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் அந்தப் பயமில்லை. மூடியதும் நாபை அம்புக்குறித் திசையில் லேசாகத் திருகித் தொய்வை எடுத்துவிடுங்கள். அடுத்து லீவர் இழுக்கும்போது நாப் எதிர்த்திசையில் சுழன்றால் பிலிம் ஓடுகிறது. சுழலவில்லையா? படங்களை எண்ணும் கவுன்டரில் எண் ஏறினாலும் நம்பாதீர்கள், நாக்கு கழன்றிருக்கும்.

இனி கிழிசல். பிலிமின் கடைசி முனை கேசட்டின் உள்தண்டில் ஒட்டியிருக்கிறது. 36 படம் முடிந்து லீவர் பாதியில் நின்றால், அது அந்த ஒட்டு இழுபடுவது. 'இன்னொரு படம் கிடைக்குமே' என்று அழுத்தினால் பல்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும், அல்லது ஒட்டு விட்டுப்போகும். அசிட்டேட் பிலிம் இப்படிக் கிழியும். பாலியெஸ்டர் பிலிம் எளிதில் கிழியாது. அதற்குப் பதில் கேமராவின் பல்சக்கரம் போகலாம். எது செலவு என்று சொல்லவே வேண்டாம்.

அடுத்த தவறு, அடியிலுள்ள ரீவைண்ட் பட்டனை அமுக்காமல் நாபைத் திருகுவது. பல்சக்கரம் பிலிமை விடாது, துளை விரியும். பட்டனை அமுக்கி, விநாடிக்கு ஒரு சுற்று போதும். மொத்தம் முப்பது சுற்றுக்குக் கொஞ்சம் முன்பின். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கேமராவுக்குள் கிடந்த பிலிம் லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் சுற்றை இன்னும் நிதானமாக. கடைசியில் ஓர் இழுப்பு, பிறகு தொய்வு. அது ஸ்பூலிலிருந்து நாக்கு கழன்றதற்கு அடையாளம். மேலும் சில சுற்று சுற்றி நாக்கையும் உள்ளே இழுத்துவிடுங்கள், எடுத்த ரோலையே மறுபடி போடும் ஆபத்து இராது.

நாப் ஆரம்பத்திலேயே வெறுமனே சுழன்றால் ஒட்டு விட்டுவிட்டது. முதுகைத் திறக்காதீர்கள். இருட்டுப் பை (வெளிச்சம் புகாமல் உள்ளே கைவிட்டு வேலை செய்யும் பை) இல்லாவிட்டால், இரவில் ஜன்னலில்லாத குளியலறையில் விளக்கணைத்து, கதவிடுக்கைத் துணியால் அடைத்துத் திறக்கலாம். ஓரத்தை மட்டும் பிடித்துச் சுருட்டி, கறுப்பு டப்பாவில் போட்டு, மேலே அலுமினியத் தாள் இரண்டு சுற்று. வெளியே 'கேசட் இல்லை, இருட்டில் மட்டும் திற' என்று எழுதித்தான் லேபுக்குக் கொடுக்க வேண்டும்.

பிறகு கேமராவுக்குள் கிழிந்த துணுக்கு தங்கியிருக்கிறதா என்று பல்லைச் சுற்றிப் பாருங்கள். இடுக்கியால் எடுங்கள், வாயால் ஊதாதீர்கள். தேவனாம்பட்டினம் கடற்கரை மணல் ஒரு துகள் கேசட் வாயின் வெல்வெட்டில் மாட்டினால், ரோல் முழுக்க ஒரே நேர்கோடாகக் கீறல் விழும்.