சி7 விகிதமும் எண்ணெயின் வெப்பநிலையும்: நீண்டகாலப் பாவனை அனுபவம்

பாறைத்துண்டு கிடைக்கவில்லை, எண்ணெய் மட்டும்தான் கையில் என்றால், அது எந்த வெப்பநிலையில் மூலப்பாறையை (எண்ணெய் உருவான பாறையை) விட்டு வெளியேறியது என்று பார்க்க நாங்கள் முதலில் நம்புவது சி7 விகிதத்தைத்தான், அதாவது ஏழு காபன் அணுக்கள் கொண்ட இரண்டு ஐதரோகாபன்களின் விகிதத்தை. ஜீசி (வாயு நிறப்பகுப்புக் கருவி) வரைபடத்தில் 2,4-டைமெதைல்பென்டேனின் (சுருக்கமாக 2,4) பீக் பரப்பை 2,3-டைமெதைல்பென்டேனின் (2,3) பரப்பால் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, 15ஆல் பெருக்கி, 140ஐக் கூட்டினால் விடை செல்சியஸில் வரும். விகிதம் 0.5 என்றால் கிட்டத்தட்ட 130 பாகை, 0.3 என்றால் 122. ஆய்வாளர் பிமென்ட்டின் குழுவினர் 1995இல் முன்வைத்த முறை; புவி இரசாயனவியலாளர் மேங்கோவும் 1997இல் இதே சூத்திரத்தை எடுத்தாண்டார்.

இவ்வளவு காலமும் இதைக் கைவிடாததற்குக் காரணம் அந்த மடக்கைதான். விகிதம் 10 வீதம் பிசகினாலும் விடை ஒன்றரைப் பாகைதான் நகரும். பாறையின் வயதும் தேவையில்லை.

சிக்கல் மாதிரியில்தான், அதுவும் திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில். 2,4 கொதிப்பது 80.5 பாகையில், 2,3 கொதிப்பது 89.8இல். மூடி தளர்ந்த போத்தலிலிருந்து 2,4தான் முந்திப் பறக்கும். விகிதம் பாதியானால் விடை 10 பாகை குறையும். பிளாஸ்டிக் போத்தல் வேண்டாம், இலேசான ஐதரோகாபன்கள் சுவரூடாகவே கசியும். மூடியில் பாராபிலிம் சுற்றுவதும் வீண், எண்ணெய் பட்டால் கரைந்துவிடும். சிறிய கண்ணாடிக் குப்பியைக் கழுத்து வரை நிரப்பி, டெப்லான் உள்மூடி போட்டு, ஐஸ் பெட்டியில் வையுங்கள். கொழும்புக்கு அனுப்பும் முன் நிறுத்து எழுதுங்கள்; அங்கே போனதும் திரும்ப நிறுத்தால் இழப்பு தெரிந்துவிடும். சீனக்குடா எண்ணெய்க் குதப் பக்கம் கிடைக்கும் பழைய பெற்றோல் கான்களைத் தொடவே கூடாது. பெற்றோலில் இந்த இரண்டுமே தாராளமாக உண்டு.

ஜீசியில் 50 மீற்றருக்குக் குறையாத மெதைல் சிலிக்கோன் கொலம் (சேர்வைகளைப் பிரிக்கும் குழாய்) வேண்டும். ஓவனை 35 பாகையில் தொடங்கி, 10 நிமிடமாவது நிறுத்தி, நிமிடத்துக்கு 1 பாகை வீதம் ஏற்றுங்கள். இங்கே பலர் இடறும் இடமும் இதுதான்: சாதாரண ஓவன் அறை வெப்பத்தை விட 4 பாகையாவது மேலே நின்றால்தான் நிலையாக இருக்கும். ஏசி நின்று அறை 32ஐத் தொட்டால் 35க்கு இறங்காது, பீக்குகள் நெருங்கிவிடும். 2-மெதைல்ஹெக்சேன், 2,3, 1,1-டைமெதைல்சைக்ளோபென்டேன், 3-மெதைல்ஹெக்சேன் என்ற வரிசையில் வரும். 2,3 நடுவில் நெருக்கப்பட்டு நிற்கும். 1,1 அதோடு ஒட்டினால் வகுக்கும் எண் பெருத்து வெப்பநிலை குறைவாக விழும்.

பீக்குகளை உறுதிப்படுத்த மேங்கோவின் இன்னொரு விகிதம் உண்டு: 2-மெதைல்ஹெக்சேனையும் 2,3ஐயும் கூட்டி, 3-மெதைல்ஹெக்சேன், 2,4 இரண்டின் கூட்டலால் வகுங்கள். 1க்குக் கிட்ட வராவிட்டால் முதலில் பீக் எல்லைக் கோடுகளைத் திரும்பப் போடுங்கள்.

பக்டீரியா தின்ற எண்ணெய்க்கு இதைப் பாவிக்க வேண்டாம். இரண்டு மூலங்களின் எண்ணெய் கலந்திருந்தால் வருவது இடைப்பட்ட எண், எந்த மூலத்துக்கும் சொந்தமில்லாதது. சி7 திரவமே இல்லாத உலர் வாயுவில் அளக்க ஒன்றுமில்லை. மன்னார்ப் படுகை மாதிரிகளை எதிர்பார்த்திருக்கும் மாணவர்கள் அவற்றில் திரவம் உண்டா என்று முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

றொக்-இவால் (பாறைத்துண்டைச் சூடாக்கி அளக்கும் கருவி) காட்டும் 435 பாகையை இதோடு ஒப்பிட்டுக் குழம்புவோர் அதிகம். அது நிமிடத்துக்கு 25 பாகை ஏறும் அடுப்பின் வெப்பநிலை, நிலத்தடி வெப்பநிலை அல்ல.