ஹரியே ஊரின் கபாதா நடை: வீட்டில் குளமீன் வளர்ப்பவர் எழுதும் மதிப்புரை

ஜப்பானின் ஷிகா மாநிலத்தில், பிவா ஏரியின் மேற்குக் கரையோரம், தகாஷிமா நகராட்சிக்கு உட்பட்ட ஹரியே என்ற சிற்றூர் இருக்கிறது. அவ்வூர் மக்கள் தாங்களே ஒரு குழு அமைத்து, முன்பதிவு செய்து வரும் வெளியூரார்களைச் சிறு சிறு குழுக்களாக வீடுகளுக்கு அழைத்துச் சென்று, சமையலறையை ஒட்டியுள்ள ஊற்றுநீர்த் தொட்டிகளையும் அவற்றில் வளரும் கெண்டை மீன்களையும் காட்டுகிறார்கள். இந்த அமைப்பை அங்கே கபாதா என்கிறார்கள். கோயம்புத்தூரில் வீட்டின் பின்புறம் குளம் கட்டிக் கோய் எனப்படும் வண்ணக் கெண்டைகளை வளர்த்துவரும் எனக்கு, ஜப்பானில் பார்த்தவற்றுள் மிகவும் மனத்தில் நின்றது இந்த நடைதான். கியோட்டோவின் கோயில் குளங்களில் வண்ணக் கெண்டைகள் கூட்டமாக வாய் திறந்து நிற்பதைப் பயணம் போகிற எல்லோரும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு குடும்பம் மீனோடு அன்றாடம் எப்படிப் புழங்குகிறது, அடுப்படி வேலைக்கும் மீனுக்கும் என்ன உறவு என்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டுமானால் ஹரியேக்குப் போக வேண்டும்.

முதலில் ஏற்பாடுகளைச் சொல்லிவிடுகிறேன். கபாதாக்கள் தனியார் வீடுகளுக்குள் இருப்பவை. ஆகவே வழிகாட்டி இல்லாமல் தெருவில் திரிந்து எட்டிப் பார்ப்பதை ஊரார் விரும்புவதில்லை. ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2004இல் இவ்வூரைப் பற்றிய ஆவணப்படத்தை ஒளிபரப்பிய பிறகு வெளியார் வரத்து பெருகியதால், வீட்டாரின் நிம்மதியையும் நீரின் தூய்மையையும் காப்பதற்காகவே குழுவும் முன்பதிவு முறையும் வந்தன. ஊர் மண்டபத்தில் கூடுகிறோம், கட்டணம் செலுத்துகிறோம், ஆளுக்கொரு மூங்கில் குவளை தருகிறார்கள். அதன் பிறகு ஊர்க்காரர் ஒருவர் முன்னே நடக்க, அவர் நிற்கும் இடங்களில் நிற்கிறோம். நான் சென்ற நாளில் வழிகாட்டியவர் முதியவர். அதே ஊரில் பிறந்து வளர்ந்தவர். விளக்கம் ஜப்பானிய மொழியில்தான் இருந்தது. உடன் வந்த நண்பர் மொழிபெயர்த்ததால் எனக்கு எதுவும் விட்டுப்போகவில்லை. மொழி தெரியாமல் தனியே செல்கிறவர்கள், முன்பதிவின்போதே அதைச் சொல்லி வைப்பது நல்லது.

கபாதாவின் அமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டால்தான் அதிலுள்ள மீனின் அருமை தெரியும். மண்ணுக்குள் ஆழமாக இறக்கிய குழாயின் வழியே, மோட்டார் ஏதுமின்றி, நிலத்தடி நீர் தன் அழுத்தத்தாலேயே மேலெழுந்து வழிகிறது. குழாய் நிற்கும் முதல் தொட்டியிலிருந்து குடிநீரும் சமையல் நீரும் எடுக்கிறார்கள். அங்கிருந்து வழியும் நீர் அடுத்த தொட்டியில் விழுகிறது. முகம் கழுவுவதும், கோடையில் தக்காளி, வெள்ளரி, தர்பூசணி முதலியவற்றைக் குளிரப் போட்டு வைப்பதும் இங்கேதான். அதிலிருந்தும் வழியும் நீர், சற்றுத் தாழ்வாகவும் அகலமாகவும் உள்ள கடைசித் தொட்டியை நிரப்பி, வீட்டை ஒட்டி ஓடும் வாய்க்காலில் கலக்கிறது. கெண்டை மீன்கள் இந்தக் கடைசித் தொட்டியில் இருக்கின்றன. சில வீடுகளில் கபாதா சமையலறைக்குள்ளேயே இருக்கிறது. சில வீடுகளில் தனிக் கூரை வேய்ந்து வெளியே வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்டவை இச்சிற்றூரில் நூற்றுக்கு மேல் இருக்கின்றன என்றால், இது யாரோ ஒருவர் காட்சிக்காகக் காத்து வைத்திருக்கும் பழம்பொருள் அன்று என்பது விளங்கும்.

நாங்கள் நுழைந்த ஒரு கபாதாவில், உணவு முடிந்த பாத்திரங்களைக் கடைசித் தொட்டியின் படிக்கல்லில் பாதி மூழ்கும்படி வைத்திருந்தார்கள். ஒரு பெரிய பாத்திரத்தின் அடியில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. முழங்கை நீளமுள்ள கருநிறக் கெண்டை ஒன்று அடியிலிருந்து மெல்ல எழுந்து வந்து, மேலுதட்டோரம் தொங்கும் மீசைகளால் பாத்திரத்தின் விளிம்பைத் தடவியது. பிறகு வாயைக் குழல்போல் முன்னே நீட்டி, உறிஞ்சியது. ஒட்டியிருந்த பருக்கைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உறிஞ்சிய நீரைச் செவுள் வழியே விட்டுவிட்டுப் பருக்கையை மட்டும் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைத்துக்கொண்டு, மறுபடி நீட்டியது. கெண்டைக்கு இரைப்பை கிடையாது. ஒரே மூச்சில் நிறையத் தின்று சேர்த்து வைத்துக்கொள்ள அதனால் முடியாது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக மேய்வதே அதன் இயல்பு. வீட்டில் இந்த வாயசைவை நான் நாள்தோறும் மேலிருந்து பார்க்கிறேன். ஆனால் தெளிந்த நீரில், ஒரு பாத்திரத்தின் உட்பக்கத்தில், அவ்வளவு அருகே நிகழ்ந்ததைப் பார்த்தபோது, இந்த உயிரின் உடலமைப்பு முழுவதும் எதற்காக ஏற்பட்டது என்பது ஒரு நொடியில் விளங்கியது. கறி சமைத்த பாத்திரத்தைக்கூட இரவில் நீரில் அமிழ்த்தி வைத்தால் காலையில் எண்ணெய்ப் பிசுக்குப் போய்விடும் என்று வழிகாட்டி சொன்னார். கழுநீரையும் மிஞ்சிய சோற்றையும் மாட்டுத் தொட்டியில் ஊற்றிய நம் பாட்டிமார் இந்த ஏற்பாட்டைப் பார்த்திருந்தால் விளக்கம் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

இவ்வளவு சிறிய தொட்டியில், வடிகட்டி எதுவும் இல்லாமல், இவ்வளவு பெரிய மீன் எப்படி நலமாக இருக்கிறது என்ற கேள்வி, குளம் வைத்திருக்கும் எவருக்கும் எழும். என் வீட்டுக் குளத்தின் பெரும்பாடே மீனுக்கு நஞ்சாகும் அம்மோனியாதான். மீன் தன் செவுள்கள் வழியாக இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்களுக்கு இடம் கொடுப்பதற்கென்றே வடிகட்டித் தொட்டிகள், பாய்கள், காற்றுக் குழாய்கள் என்று குளத்தில் பாதியளவு இடத்தை ஒதுக்குகிறோம். ஹரியேயில் அந்த வேலையை நீரோட்டமே செய்துவிடுகிறது. அம்மோனியா சேர்வதற்கு நேரமே இல்லை; வந்த நீர் போய்க்கொண்டே இருக்கிறது. மேலும் ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே இருக்கிறது. 13 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் சுமார் 10.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும்; கோடையில் எங்கள் வீட்டுக் குளம் தொடும் 30 டிகிரியில் அது 7.5 மில்லிகிராம் அளவுக்கு இறங்கிவிடும். நிலத்தடியிலிருந்து நேரே வரும் நீரில் பொதுவாக ஆக்சிஜன் குறைவாக இருக்கும் என்றாலும், தொட்டிக்குத் தொட்டி விழுந்து வழிகையில் அது காற்றை வாங்கிக்கொள்கிறது. குழாய் நீரில் கலக்கும் குளோரினும் இங்கே இல்லை. குளிர்ந்த நீரில் மீனின் பசியும் செரிமானமும் மெதுவாக நடப்பதால், பாத்திரத்தில் ஒட்டிய பருக்கைகள் அதற்குப் பெரும்பாலும் போதுமானவையாகின்றன. குறைந்த உணவு, குறைந்த கழிவு, நிற்காத நீர் என்ற மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சிறு தொட்டியைக் காக்கின்றன.

இதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பித் தம் குளத்தில் சோறு போடத் தொடங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நம்முடைய குளங்கள் நீரைச் சுழற்றுகின்றனவே தவிர வெளியேற்றுவதில்லை. தின்னாமல் மிஞ்சிய சோறு அடியில் தங்கிப் புளித்து, ஆக்சிஜனைத் தின்று, அம்மோனியாவைக் கூட்டும். சூடான நீரில் அந்த அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் அதிகம். ஹரியேயிலிருந்து எடுத்துவர வேண்டியது உணவு முறையை அன்று, நீரின் முறையை. நான் திரும்பிய பிறகு, ஆழ்துளைக் கிணற்று நீர் நேரே குளத்தில் விழாமல், இரண்டு கல் தொட்டிகளில் படிப்படியாக வழிந்து வரும்படி மாற்றினேன். நாள்தோறும் கொஞ்சம் புதுநீர் விட்டு, வழிந்தோடும் நீரை வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் திருப்பிவிட்டேன். உணவையும் சில நிமிடங்களில் தின்று முடிக்கும் அளவுக்குக் குறைத்து, அதையே இரண்டு மூன்று வேளைகளாகப் பிரித்தேன். மீன்கள் சோர்ந்து மேல்மட்டத்தில் வாய் பிளந்து நிற்கும் மே மாதப் பிற்பகல்கள் வெகுவாகக் குறைந்திருக்கின்றன.

நடையின் மற்றொரு பாதி வீடுகளுக்கு வெளியே நடக்கிறது. அதுவும் மீனைப் பற்றியதே. ஒரு வீட்டுக் கபாதாவிலிருந்து வெளியேறும் நீர் வாய்க்கால் வழியே அடுத்த வீட்டைக் கடந்து, ஹரியே ஆற்றில் சேர்ந்து, முடிவில் பிவா ஏரிக்குப் போகிறது. ஆகையால் மேல்வீட்டில் ஊற்றுவது கீழ்வீட்டுக்காரர் கண்முன்னே வந்து நிற்கும். சோப்புத்தூள் விஷயத்தில் ஊரார் காட்டும் கட்டுப்பாடு இதிலிருந்தே வருகிறது. அதற்கு ஒரு பெரிய பின்னணியும் உண்டு. 1977இல் பிவா ஏரியில் நுண்ணுயிர்ப் பாசி பெருகி நீர் செந்நிறமானபோது, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸ் கலந்த செயற்கைச் சலவைத்தூளுக்கு எதிராக ஷிகா மாநிலக் குடும்பப் பெண்கள் பெரும் இயக்கம் நடத்தினார்கள். அதன் விளைவாக 1979இல் மாநிலம் அத்தகைய தூளைத் தடைசெய்யும் சட்டம் இயற்றி, 1980இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வழிகாட்டி இதையெல்லாம் பெருமையாகச் சொற்பொழிவு செய்யவில்லை. வாய்க்காலோரம் நின்று, நீரடியில் அசையும் பச்சைப் பூண்டைக் காட்டி, இது தெளிந்த குளிர்நீரில்தான் வளரும் என்றார். கோடையில் அந்தப் பூண்டு நீர்மட்டத்தில் சிறு வெண்பூக்களை விரிக்கும். அவை மண்டிவிடாதபடி ஊரார் கூடி அவ்வப்போது அறுத்து எடுக்கிறார்கள். நீரோட்டம் தடைபட்டால் மேலே உள்ள எல்லாக் கபாதாக்களும் பாதிக்கப்படும் அல்லவா? வழியில் ஒரு டோஃபு (சோயாப்பால் கட்டி) கடையில், செய்து முடித்த டோஃபுக் கட்டிகள் ஊற்றுநீரில் குளிர்ந்துகொண்டிருந்தன. 2008இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் தேர்ந்தெடுத்த நூறு நன்னீர்களின் பட்டியலில் ஹரியே ஊற்றும் இடம்பெற்றிருக்கிறது. மூங்கில் குவளையில் வாங்கிக் குடித்தவர்களுக்கு அந்தப் பட்டியல் தேவைப்படாது. மண்வாடையோ குழாய்வாடையோ சிறிதும் இல்லாத நீர் அது.

வண்ணக் கோய்களின் அழகைத் தேடிப் போகிறவர்களுக்கு ஹரியே ஏற்ற இடம் அன்று. கபாதாக்களில் நான் பார்த்தவற்றுள் பெரும்பாலானவை கருநிறக் கெண்டைகள்; சிவப்பும் வெள்ளையும் கலந்தவை இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருந்தன. அழகு வேண்டுவோர் நீகாத்தா மாநிலத்தின் ஓஜியா, யமகோஷி பகுதிக்குச் செல்ல வேண்டும். அந்த மலையூர்களில் பனிக்கால உணவுக்காக வயல்மேட்டுக் குளங்களில் வளர்த்த கெண்டைகளில்தான், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறம் மாறிய குஞ்சுகள் தோன்றின. 1914இல் தோக்கியோவில் நடந்த கண்காட்சிக்குப் பிறகு அவை நாடெங்கும் புகழ்பெற்றன. 2004 அக்டோபரில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் பல குளங்கள் உடைந்து போனபோது, உயர்ந்த மீன்களை ஹெலிகாப்டரில் ஏற்றி மீட்ட ஊர் அது. அங்கே மீன் மதிப்புமிக்க பொருள், பார்ப்பதற்கென்றே வளர்க்கப்படுவது. ஹரியேயில் மீன் வீட்டு வேலையில் பங்கெடுக்கும் ஒரு உறுப்பினர். இரண்டையும் பார்க்க முடிந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால், வீட்டில் குளம் உள்ளவர்களுக்கு நான் ஹரியேயைத்தான் சொல்வேன். நகைக்கடைக் கண்ணாடிக்கு முன் நிற்பதுபோன்ற தயக்கம் இங்கே இல்லை.

நடைக்கான நேரத்தில் சில தேர்வுகள் உண்டு. மீன் வளர்ப்பவர்கள் நீண்ட நடையையே தேர்ந்துகொள்ளட்டும். குறுகிய நடையில் சில கபாதாக்களைப் பார்த்து நீர் குடித்துவிட்டுத் திரும்பலாம். தொட்டியருகே குந்தி அமர்ந்து மீனின் போக்கைக் கவனிக்க அவகாசம் வேண்டும். வீட்டார் அங்கே வாழ்ந்துகொண்டிருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. படம் எடுக்கும் முன் கேட்பதும், வழிகாட்டி காட்டும் இடத்தைத் தாண்டாமல் இருப்பதும், கையில் பூசிய களிம்போடும் சன்ஸ்கிரீனோடும் நீரில் கை நனைக்காமல் இருப்பதும் குறைந்தபட்ச மரியாதை. மீனுக்கென்று எதையும் கொண்டுபோய்ப் போடவும் வேண்டாம். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பாத்திரத்தைக் கெண்டை துலக்குவதைப் பார்க்க அவர்களைவிட ஏற்றவர்கள் இல்லை. ஆனால் தொட்டிகளுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. படிக்கற்கள் ஈரமாக இருக்கும். கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் உணவகங்களை எதிர்பார்த்துப் போகாமல், உணவை முடித்துவிட்டோ கையில் எடுத்துக்கொண்டோ செல்வது உசிதம்.

கியோட்டோவிலிருந்து கொசெய் ரயில் வழித்தடத்தில் ஷின்-அசாஹி நிலையத்தில் இறங்கினால், ஊர் நடக்கும் தூரத்தில் இருக்கிறது. காலையில் புறப்பட்டு மாலைக்குள் கியோட்டோ திரும்பிவிடலாம். நீர்ப்பூண்டின் வெண்பூக்களையும் பார்க்க விரும்புவோர் கோடையில் செல்ல வேண்டும். வெளியே வெயில் கொளுத்தும் அந்நாட்களில் 13 டிகிரி நீரின் குளிர்ச்சியும் நன்றாகத் தெரியும். குளிர்காலத்தில் போவதானால், ஹிரா மலைத்தொடரிலிருந்து இறங்கும் பலத்த காற்றினால் கொசெய் வழித்தடத்தில் ரயில்கள் நிறுத்தப்படுவது உண்டு. முன்பதிவு நேரத்துக்கு ஊர் மண்டபத்தில் இருக்க வேண்டுமாதலால், அன்று காலையே ரயில் நிலவரத்தை உறுதிசெய்துகொண்டு புறப்பட வேண்டும்.